கும்மி வட்டத்துக்குள் கேமரா

அந்த பிரவுசிங் சென்டரில் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது, துடித்துத் துடித்து எரிந்த ஒரு டியூப்லைட்தான்.

"தம்பி, அந்த லைட்டை அமத்திருங்களேன்" என்றேன் கடைக்காரரிடம்.

"அமத்துனா கேமராவுல மூஞ்சி தெரியாது சார்."

"தெரியாட்டாப் பரவாயில்ல."

என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்கிற பார்வை அது. கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி, குழல் விளக்கைத் திருகிக் கழற்றினார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். பழைய மாதிரி, பின்பக்கம் புடைத்த பெட்டி. அதுவும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதை அணைக்கச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் வந்திருந்தோம்.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ இருக்கும். கரண்டு முறைவைத்துப் போன காலம். எங்கள் பகுதிக்கு அந்த வாரம் மதியம் மூன்று மணிக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம் என்று மகளுக்கு மெயில் வந்திருந்தது. சென்னையில் ஒரு கல்லூரி ஆசிரியை, வெளிநாட்டில் இருக்கும் ஒரு தமிழர், வேறு ஊரிலிருந்து இன்னும் ஒருவர். எல்லோரும் அவரவர் இடத்திலிருந்து கம்ப்யூட்டர் வழியாக முகம் பார்த்துப் பேசுவார்களாம். கும்மி போல ஊர் கூடி ஆடும் ஆட்டங்களைப் பள்ளிக்கூடங்களிலும் குடியிருப்புகளிலும் எப்படிப் பரப்புவது என்பது பேச்சு. எங்கள் தெருப் பெண்கள் பேசவேண்டும், முடிந்தால் கொஞ்சம் ஆடியும் காட்டவேண்டும். அந்த ஆசிரியை ஒரு தடவை திருவிழாவுக்கு வந்து எங்கள் கும்மியைப் படம் எடுத்துப் போனவர். தெருவில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் என் மகள் ஒருத்திதான் என்பதால் அவளுக்கு எழுதினார்.

"பேசத்தான்ப்பா போறேன். ஆட மாட்டேன்" என்று சொல்லித்தான் என்னிடம் அனுமதி வாங்கினாள். அவளோடு சேர்த்துப் பெண்கள் ஆறு பேர் வந்தார்கள். கூடவே நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

நான் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவது வேலை. வந்த வண்டியை எழுதுவதில் சிரமம் ஒன்றுமில்லை. வராத வண்டிதான் ஆளைத் தின்னும். மலையிலிருந்து இறங்க வேண்டிய வண்டி பத்து நிமிஷம் தாமதமானால் மற்றவர்கள் டீ குடிப்பார்கள், நான் கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். வீட்டிலும் நான் அப்படித்தான். மகள் விஷயத்தில் அது எனக்கு வியாதியாகவே ஆகிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு.

அதற்கு இரண்டு வருஷம் முந்தின திருவிழாவில், கும்மி அடித்துக்கொண்டிருந்தபோது அவள் விழுந்தாள்.

எங்கள் தெருவில் கோயிலுக்கும் கும்மிதான், மாதா திருவிழாவுக்கும் கும்மிதான். அதே பெண்கள், அதே அடவு, பாட்டு மட்டும் மாறும். தொண்ணூறுகளில் மகள் நடக்கப் பழகியதே அந்தப் பெண்களின் கால்களுக்கு இடையில்தான். அவளைத் தேடினால் வட்டத்துக்குள் கிடப்பாள். பத்து வயதில் அவளும் ஒரு ஆளாக வரிசையில் நின்றாள்.

அன்று நான் ஆண்களோடு வெளியே நின்றுகொண்டிருந்தேன். கும்மி வட்டத்தை வெளியிலிருந்து பார்த்தால் முதுகுகள்தான் தெரியும். மகளின் மஞ்சள் தாவணி ஒவ்வொரு சுற்றிலும் என்னைக் கடந்து போகும், நான் எண்ணிக்கொண்டே நின்றேன். ஒரு சுற்றில் அது வரவில்லை. இரண்டு முதுகுகளின் இடுக்கில் தரையில் ஒரு கால் வெட்டி வெட்டி இழுப்பதைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுப்பார்கள். பஸ் ஸ்டாண்டு அறையின் பெரிய பூட்டுச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவர்கள் நிறுத்தவே இல்லை. அதுதான் எனக்கு ஆறாமல் இருந்தது. ஒரு பிள்ளை கீழே கிடந்து துடிக்கிறாள், இவர்கள் கைதட்டிப் பாடிக்கொண்டே சுற்றுகிறார்கள். பாட்டு முன்னைவிடச் சத்தமாகக்கூட இருந்தது. "நிறுத்துங்கடீ" என்று கத்தினேன். பாட்டெடுத்துக் கொடுத்த மதினி குறுக்கே வந்து, "போங்க கொழுந்தனாரே, பாத்துக்கிறோம், போங்க" என்றார். அவருடைய கையைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். கண்ணாடி வளையல் உடைந்து அவர் மணிக்கட்டில் ரத்தம் வந்தது. உள்ளே போய் மகளின் விரல்களைப் பிரித்துச் சாவியைத் திணித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது எங்களைச் சுற்றி ஊரே நின்றது. யாரோ ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

அதற்குப் பிறகு மதினியோடு நான் பேசவில்லை. எங்கள் பெரியப்பா மகனுடைய மனைவி அவர், பூ மார்க்கெட்டில் மூட்டை பிரித்துத் தரம் பார்க்கிறவர், வாயாடி. வழியில் பார்த்தால் "என்ன டைம் கீப்பரு, லேட்டா?" என்பார். நான் காதில் விழாதது போலப் போய்விடுவேன். மகளை நானும் மனைவியும் மதுரைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினோம். திண்டுக்கல்லில் காட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள். அந்த டாக்டர், இரும்பெல்லாம் கொடுக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சுற்றி இடம் விடுங்கள், துடித்து எரிகிற வெளிச்சமும் ஆகாது என்று சொன்னார். மாத்திரையை வெந்தய டப்பாவுக்குள் வைத்தோம். கேட்டவர்களுக்கெல்லாம், "வெயில்ல மயக்கம்" என்று சொன்னோம். அதன்பின் ஒரு தடவை வந்தது, வீட்டில். அப்புறம் வரவில்லை. கும்மியை நிறுத்திவிட்டேன். கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த வருஷத் திருவிழாவுக்கு இருபது நாள் இருந்தது. இந்தத் தடவை ஆடட்டுமா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், நான் பதில் சொல்லாமல் இருந்தேன்.

இரண்டு மணிக்குத் தொடங்கவேண்டிய கூட்டம் இரண்டு இருபதுக்குத்தான் தொடங்கியது. திரையில் நாலு கட்டம். ஒரு கட்டத்தில் ஆசிரியை, இன்னொன்றில் வெளிநாட்டுக்காரர், அவருக்குப் பின்னால் ஒரு புத்தக அலமாரி. மூன்றாவது கட்டத்தில் யாருடையதோ நெற்றி மட்டும் தெரிந்தது. நான்காவது எங்கள் அறை. பின்வரிசையில் என் வயிறு தெரிந்ததால் கதவோரம் நகர்ந்தேன்.

"அந்த நெத்திக்காரரு யாரு தாயி?" என்று அந்த ஆறு பேரில் ஒருவராக வந்திருந்த மதினி மகளிடம் கேட்டார்.

"பெரியம்மா, அவருக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். கேட்டாத்தான குனிவாரு."

நெற்றி குனிந்தது. கண்ணாடி போட்ட முகம் ஒன்று சிரித்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மகள் நன்றாகப் பேசினாள். தெருவில் எத்தனை பேர் ஆடுகிறார்கள், எத்தனை வயதுவரை, மெதுநடை எது, வேகநடை எது என்றெல்லாம் சொன்னாள். நான் வார்த்தைகளைக் கவனிக்கவில்லை. கண் எங்காவது ஒரே இடத்தில் நிலைக்கிறதா, உதடு ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கை சட்டைப் பைக்குள் போய்ச் சாவியைத் தொட்டது. டாக்டர் அவ்வளவு சொல்லியும் சாவியை நான் விடவில்லை. அதில் எனக்கு வெட்கம் உண்டு.

வெளிநாட்டுக்காரர்தான் அந்தப் பேச்சை எடுத்தார். அவருக்குக் குரல் முதலில் வரும், வாய் பிறகு அசையும். "வட்டமாக ஆடினால் பார்வையாளர்களுக்கு முதுகுதான் தெரிகிறது. மேடையிலும் கேமராவிலும் எடுபடவில்லை. பள்ளிகளுக்குக் கொண்டுபோகும்போது அரை வட்டமாக மாற்றிவிடலாமா? எல்லோர் முகமும் தெரியும்."

ஆசிரியையும், "நானும் அதைக் கேட்க நினைத்தேன்" என்றார்.

மதினி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அரை வட்டமா நின்னா அது கும்மி இல்ல சாமி. கல்யாணத்துல போட்டோவுக்கு நிப்பாகள்ல, அது."

"இல்லை, ஏன் கூடாது என்று காரணம் இருந்தால் சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறோம்" என்றார் வெளிநாட்டுக்காரர்.

"எழுதிக்கங்க. ஆடும்போது ஒருத்திக்குச் சேலை அவுந்துரும். ஒருத்திக்குத் தலை சுத்தும். ஒருத்தி வீட்டுக் கவலையில பொலபொலன்னு அழுதுருவா. வட்டமா இருந்தா அவ நடுவுல போயிரலாம். ரெண்டு பேரு குனிஞ்சு அவளைப் பாத்துக்குவாளுக. மத்தவளுக இடத்தை நெருக்கிக்கிட்டுச் சுத்துவோம். பாட்டை ஒசத்திப் பாடுவோம். நிறுத்த மாட்டோம். நிறுத்துனா என்ன ஆச்சு ஏது ஆச்சுன்னு வேடிக்கை பாக்குறவன் அம்புட்டுப் பேரும் உள்ள வந்துருவான். நிறுத்தாட்டி ஒரு பயலுக்கும் தெரியாது. எங்க ஆத்தா காலத்துலருந்து அப்படித்தான். அரை வட்டம்னா விழுந்தவளை எங்கிட்டு மறைக்க?"

பெண்கள் யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. அதனாலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மதினி நிறுத்தவில்லை. "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்துச்சு. நாங்க சுத்தி அடைச்சுட்டோம். இன்னும் நாலு சுத்து, தெளிஞ்சு எந்திரிச்சிருப்பா, ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. அதுக்குள்ள ஒரு ஆளு இரும்பைத் தூக்கிக்கிட்டு வட்டத்தை அத்துக்கிட்டு உள்ள வந்துட்டாரு. அந்த ஓட்டை வழியா ஊரே வந்துருச்சு."

"யார் அவர்? பூசாரியா?" என்று கேட்டார் வெளிநாட்டுக்காரர்.

"பூசாரியா இருந்தாத் தள்ளி விட்டுருப்போம்ல. பெத்தவரு."

என் காது இரண்டும் சுட்டன. கதவுக்கு வெளியே போய்விடலாம் என்று ஒரு காலை எடுத்தேன். அப்போது மகள் கேமராவைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தப் பிள்ளை நான்தான் சார். எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுறேன்."

இரண்டு வருஷம் வெந்தய டப்பாவுக்குள் மூடி வைத்ததை அவள் நாலு கட்டத்துக்கு முன்னால் திறந்து வைத்துவிட்டாள். அது அத்தனை சாதாரணமாக வெளியே வந்தது. திரையில் ஒருவருக்கும் முகம் மாறவில்லை. இணைப்புத் தாமதமோ என்று காத்திருந்தேன். பிறகும் மாறவில்லை.

"நீ ஆடலாமாம்மா?" என்று ஆசிரியை கேட்டார்.

"மாத்திரையை விடாம, தூக்கம் கெடாம இருந்தா ஆடலாம்னு டாக்டர் சொன்னாங்க மேடம். அப்பா இன்னும் சரின்னு சொல்லலை."

"அப்பா அங்கே இருக்கிறாரா?"

"கதவுல ஒட்டிக்கிட்டு நிக்கிறாக" என்றார் மதினி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லவேண்டும். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"மணி ரெண்டு நாப்பத்தேழு. மூணு மணிக்குக் கரண்டு போயிரும். ஆடிக் காட்டுறதுன்னா இப்பவே காட்டிருங்க."

வெளிநாட்டுக்காரர் சிரித்தார். "அப்பா சொல்வது சரி."

மேசைகளை ஒதுக்கி, நாற்காலிகளை வாசலில் அடுக்கி, ஆறு பேரும் வட்டம் போட்டார்கள். ஆறு முதுகுகள் கேமராவை அடைத்தன. "தெரியவில்லையே, தெரியவில்லையே" என்று திரையிலிருந்து குரல் வந்தது. மதினி காதில் வாங்கவில்லை. கடைக்காரர் கேமராவைக் கழற்றி மேலே உயர்த்திப் பார்த்தார். ஒயர் எட்டவில்லை. சுவரோரம் நின்றால் முதுகு, ஸ்டூலில் ஏறினால் ஒயர் பிடுங்கிக்கொள்ளும். வட்டத்துக்கு நடுவில் நின்று பிடித்தால் மட்டும்தான் எட்டும்.

"ஆம்பளை யாராச்சும் உள்ள நின்னு பிடிக்கணும்" என்றார் கடைக்காரர், நகரப் பிரியமில்லாமல்.

"அதான் ஒரு ஆளு இருக்காருல்ல, வட்டத்துக்குள்ள பூந்து பழக்கப்பட்டவரு. வாங்க கொழுந்தனாரே" என்றார் மதினி. "ஆனா சாவியை வெளிய வச்சிட்டு வாங்க."

பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். நான் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். இரண்டு பேர் கையை விலக்கி வழிவிட்டார்கள். எலுமிச்சம்பழம் அளவில் இருந்த அந்தக் கேமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். என் மகள் வரிசையில் இருந்தாள். பேசத்தான் வந்தேன் என்று சொன்னவள். தடுக்கவேண்டுமானால் அப்போதே தடுத்திருக்கவேண்டும். மதினி பாட்டெடுத்துவிட்டார்.

கும்மியை நான் அதுவரை வெளியிலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன். உள்ளே நின்றால் ஒருவர் முகமும் மறைவதில்லை. குனிந்து தட்டி நிமிரும்போது ஒவ்வொருத்தியும் எதிரில் இருப்பவளை ஒரு பார்வை பார்க்கிறாள். அது தாளத்துக்கான பார்வை என்று முதலில் நினைத்தேன். இரண்டாவது சுற்றில்தான் கவனித்தேன். என் மகள் நிமிரும்போது ஐந்து பேரில் யாராவது ஒருத்தியின் கண் அவள்மேல் இருந்தது. ஒருத்தி கண்ணை எடுத்தால் இன்னொருத்தி வைத்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் மற்றவர்களைவிட அரை அடி நெருங்கி நின்றார்கள். நான் கதவோரம் நின்று என்ன செய்துகொண்டிருந்தேனோ அதையே அவர்கள் ஆடிக்கொண்டே செய்தார்கள், அவளுக்குத் தெரியாமல், அல்லது தெரிந்தும் அவளுக்குக் கூசாமல்.

மதினியின் மணிக்கட்டு என்னைக் கடந்து போனது. அதில் ஒரு வெள்ளைத் தழும்பு. வளையல்கள் அதை மறைத்து, கை தட்டும்போது விலகிக் காட்டின.

மூன்று மணிக்கு மின்விசிறி நின்றது. யூ.பி.எஸ். கீச்சிடத் தொடங்கியது. திரையில் முகங்கள் அப்படியே உறைந்தன, வெளிநாட்டுக்காரர் வாய் திறந்தபடி. பிறகு திரை கறுத்தது. கடைக்காரர் கையை ஆட்டி முடிந்துவிட்டது என்று எனக்குச் சைகை காட்டினார். பெண்கள் யாரும் திரையைப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. செத்த கேமராவைப் பிடித்துக்கொண்டு மங்களம் பாடி முடியும்வரை நின்றேன்.

படி இறங்கும்போது மதினி முன்னால் போனார். "மதினி" என்று கூப்பிட்டேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அப்படிக் கூப்பிட்டது அன்றுதான்.

"என்ன?"

"கை... அன்னைக்கு..."

"ஒரு டஜன் வளையல். திருவிழாவுக்கு வாங்கிக் குடுங்க. பச்சைல" என்று சொல்லிவிட்டு அவர் நடந்துகொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் சொன்னாள். "அப்பா, சாவியை அங்கயே வச்சிட்டு வந்துட்டீங்க."

திரும்ப ஓடிப்போய் எடுத்து வந்தேன். மூச்சு வாங்க நின்றபோது அவள் அடுத்ததைக் கேட்டாள். "அப்ப திருவிழாவுக்கு?"

"யாருக்குப் பக்கத்துல நிப்ப?"

"பெரியம்மாவுக்கு அடுத்து."

"சரி" என்றேன். அந்த இருபது நாளும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

திருவிழா அன்று லீவு போட்டேன். முளைப்பாரியை இறக்கி நடுவில் வைத்தார்கள். மதினி கையில் பச்சை வளையல் இருந்தது. பாட்டு தொடங்கியதும் நான் வட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடி நின்றேன். இந்தப் பக்கம் யாராவது செல்போனைத் தூக்கினால் அந்தப் பயலை நான் பார்த்துக்கொள்வது என்று முடிவு. உண்மையைச் சொன்னால், மஞ்சள் தாவணி எத்தனை முறை கடந்தது என்று எண்ணாமல் இருப்பதற்காகத்தான் திரும்பி நின்றேன்.

மூன்றாவது பாட்டின் பாதியில் சத்தம் உயர்ந்தது.

கைதட்டு நிற்கவில்லை, நடை தவறவில்லை, பாட்டு மட்டும் ஒரு கட்டை மேலே போனது. எல்லாக் குரலும் சேர்ந்து போனது. கூட்டத்தில் ஒருவருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. என் பக்கத்தில் நின்றவர், "ஆகா, சூடு பிடிச்சிருச்சு" என்றார். எனக்கு மட்டும் அர்த்தம் தெரியும். உள்ளே ஒருத்தி விழுந்திருக்கிறாள், அல்லது அழுகிறாள், அல்லது சேலை அவிழ்ந்திருக்கிறது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சாவியை இறுக்கிப் பிடித்தேன். அதன் பல் உள்ளங்கையில் பதிந்தது. திரும்பவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாட்சைப் பார்க்காமல் நான் நின்ற நேரம் என் வாழ்க்கையில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மெல்ல மெல்லப் பாட்டு பழைய இடத்துக்கு இறங்கியது. மங்களம் பாடினார்கள். வட்டம் பிரிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். என் மகள் வியர்த்து ஒழுகிக்கொண்டு வந்து, என்னிடம் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தாள். நான் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். தாவணியில் மண் இல்லை. கண் சொருகவில்லை. தலையில் பூ மட்டும் சற்றுச் சரிந்திருந்தது. எல்லோருடையதும் சரிந்திருந்தது.

"நடுவுல பாட்டு ஏறுச்சே. யாருக்கு என்ன?" என்று கேட்டேன்.

பாட்டிலை மூடி என் கையில் கொடுத்தாள்.

"அதெல்லாம் வெளிய சொல்றது இல்லப்பா" என்றாள்.

மதினியிடம் கேட்டுப் பார்த்தேன். பச்சை வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, "டைம் கீப்பரே, வீட்டுக்குப் போங்க" என்றார். என் மனைவியும் வட்டத்தில்தான் இருந்தாள். இத்தனை வருஷமாக அவளும் சொல்லவில்லை.